வீட்டு நெட்வொர்க்குக்கு எந்த நேம் சர்வர்?

கேள்வி: வீட்டில் கணினி, போன், பிரிண்டர், கோப்பு சர்வர் என்று சுமார் 20 கருவிகள் உள்ளன. பிரிண்டரின் ஐபி முகவரி அடிக்கடி மாறிவிடுகிறது. எல்லாவற்றையும் பெயரால் அழைக்க, ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினி ஒன்றில், பெயருக்கு ஐபி முகவரி சொல்லும் நேம் சர்வர் நிறுவ நினைக்கிறேன். பைண்ட், அன்பவுண்ட், டிஎன்எஸ்மாஸ்க் மூன்றில் எது ஏற்றது?

பதில்: டிஎன்எஸ்மாஸ்க். முகவரி வழங்கும் டிஎச்சிபி வேலையையும் இதுவே பார்ப்பதால், ஒரு கருவி முகவரி வாங்கியதுமே அதன் பெயரும் தானாகப் பதிவாகிவிடும். பைண்டில் ஸோன் கோப்பை (பெயர், முகவரிப் பட்டியல்) கையால் எழுதிப் பராமரிக்க வேண்டும். சொந்த டொமைனை இணையத்துக்கு நடத்துபவருக்கு அது தேவை, உங்களுக்கு வீண் சுமை. அன்பவுண்டில் டிஎச்சிபி கிடையாது.

பைக்கு 192.168.1.2 என நிலையான முகவரி கொடுங்கள். கருவிகளுக்கு 192.168.1.50 முதல் 150 வரை, 12 மணி நேரக் குத்தகை (ஒரு முகவரி செல்லுபடியாகும் காலம்). பிரிண்டருக்கு அதன் மேக் முகவரியை (வன்பொருளின் அடையாள எண்) வைத்து 192.168.1.10ஐ ஒதுக்கிவிடுங்கள். ரவுட்டரின் டிஎச்சிபியை மறக்காமல் அணைக்க வேண்டும். இரண்டும் ஓடினால் முந்திக்கொண்டு பதில் தருவதைக் கருவி ஏற்றுக்கொள்ளும்.

இங்கேதான் பலருக்கு இணையம் நின்றுபோகிறது: நாம் எதுவும் சொல்லாவிட்டால் டிஎன்எஸ்மாஸ்க் தன்னையே கேட்வே (இணையத்துக்குப் போகும் வாயில்) என்று அறிவிக்கும். டிஎச்சிபி ஆப்ஷன் 3இல் ரவுட்டரின் முகவரியை எழுதுங்கள். இரண்டாவது நேம் சர்வராகப் பொதுச் சர்வர் எதையும் கொடுக்காதீர்கள். கருவிகள் வரிசைப்படிதான் கேட்கும் என்பதற்கு உறுதியில்லை, பிரிண்டரின் பெயர் ஒரு நேரம் கிடைக்கும், மறுநேரம் கிடைக்காது.

வீட்டுப் பெயர்களின் கடைசியில் வரும் டொமைனுக்கு 'லோக்கல்' வேண்டாம், அது நேம் சர்வர் இல்லாமலே கருவிகள் ஒன்றையொன்று பெயரால் தேடும் மல்டிகாஸ்ட் டிஎன்எஸ்ஸுக்கு உரியது. வீடுகளுக்கென்றே 2018இல் ஒதுக்கப்பட்ட 'ஹோம்.ஆர்பா' இருக்கிறது. அதை உள்ளூர் டொமைன் என்று குறித்துவிட்டால் வீட்டுப் பெயர்கள் வெளியே கசியாது. கிடைத்த விடைகளை நினைவில் வைக்கும் கேஷ் இயல்பாக 150 பதிவுகள்தான், 1000 ஆக்குங்கள்.

கேள்வி: அன்பவுண்ட் ஓடும் பையை இரண்டு வாரம் அணைத்து வைத்திருந்தேன். மீண்டும் போட்டால் எந்தத் தளமும் திறக்கவில்லை. 'சர்வ்ஃபெயில்' (விடை காண முடியவில்லை) என்கிறது.

பதில்: முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். பேட்டரி கடிகாரம் இல்லாத பை, அணைத்த நாளின் தேதியிலேயே எழும். நேம் சர்வர் விடை உண்மையானதா என்று சரிபார்க்க உதவும் டிஎன்எஸ்செக் கையெழுத்துக்குத் தொடக்க நேரமும் முடிவு நேரமும் உண்டு. பின்தங்கிய கடிகாரத்துக்கு இன்றைய கையெழுத்து 'இன்னும் தொடங்காதது', அதனால் அன்பவுண்ட் நிராகரிக்கிறது. நேரத்தைத் திருத்த, சரியான நேரம் சொல்லும் என்டிபி சர்வரைத் தேடினாலோ, அதன் பெயருக்கும் இதே அன்பவுண்ட்தான் விடை சொல்ல வேண்டும். என்டிபி சர்வர் ஒன்றையாவது பெயருக்குப் பதில் ஐபி முகவரியாக எழுதி வையுங்கள். உங்கள் ரவுட்டரே நேரம் வழங்கினால் அதன் முகவரி போதும். டிஎஸ்3231 கடிகாரச் சில்லைப் பொருத்தினால் இன்னும் உறுதி.