டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸுக்கு வரும் துணைநூல்களில் எது காசுக்குத் தகும் என்று வாங்கும் முன்பே எப்படித் தெரிந்துகொள்வது?

ஆளுக்கொரு கதாபாத்திரமாகப் பகடை உருட்டி மேசையில் ஆடும் இந்தக் கதை ஆட்டத்தின் மூன்று அடிப்படை நூல்களும் (ஆட்டக்காரர் விதிநூல், நடத்துபவர் கையேடு, அரக்கர் நூல்) கையில் இருக்கின்றன, இனி எதை வாங்குவது, எதை விடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். டன்ஜன் மாஸ்டராக உட்கார்ந்து ஆட்டத்தை நடத்துபவன் என்ற முறையில் என் பதில் இது: உங்கள் மேசையில் ஏற்கெனவே எழுந்துவிட்ட ஒரு கேள்விக்கு அந்த நூலில் விடை இருந்தால் வாங்குங்கள். அழகான ஓவியத்துக்கும் கெட்டி அட்டைக்கும் மயங்கி வாங்கினால் அது அலமாரியை விட்டு இறங்காது.

இந்த ஆட்டத்தின் முதல் துணைநூலே இதற்கு நல்ல சான்று. 1974இல் வெளிவந்த மூல விதிகளில் எல்லா ஆயுதங்களுக்கும் ஒரே ஆறுமுகப் பகடைதான். குத்துவாளால் குத்தினாலும் இரண்டு கை கொண்டு தூக்கும் பெருவாளால் வெட்டினாலும் அடி ஒன்றே. ஆடிய எவருக்கும் இது உறுத்தியிருக்கும். 1975இல் வந்த கிரேஹாக் என்னும் துணைநூல் ஆயுதத்துக்கு ஆயுதம் வேறு வேறு பகடையைத் தந்தது. திருடன் என்ற கதாபாத்திர வகையையும் கொண்டுவந்தது. இரண்டும் அரை நூற்றாண்டு கடந்து இன்றும் ஆட்டத்தில் இருக்கின்றன.

இன்றைய நூல்களில் 2017இல் வந்த ஸனாதர்ஸ் கைடு டு எவ்ரிதிங் எனக்கு மிகவும் பிடித்தது. அதை எல்லோரும் புதிய உபவகுப்புகளுக்காக, அதாவது கதாபாத்திர வகுப்புகளின் உட்பிரிவுகளுக்காகப் புகழ்வார்கள். நான் புகழ்வது அதில் கருவிகளைப் பற்றி வரும் பகுதியை. 2014இல் வந்த அடிப்படை விதிநூலில் ஒரு வீரன் சமையல் கருவிகளில் தேர்ச்சி பெற்றவன் என்று எழுதிக்கொள்ளலாம். அதை வைத்து என்ன செய்வது என்பதற்கு அங்கே உருப்படியான விதி இல்லை. ஸனாதர் அதற்கு விடை சொல்கிறது. குறு ஓய்வின்போது அவன் சமைத்துப் போட்டால், அவனும் அவன் தேர்ந்தெடுக்கும் ஐந்து பேர் வரையும் தாங்கள் செலவிடும் ஒவ்வொரு ஹிட் டைஸுக்கும் (ஓய்வில் காயம் ஆற உருட்டும் பகடை) ஓர் உயிர்ப்புள்ளி (எவ்வளவு அடி தாங்கலாம் என்ற கணக்கு) கூடுதலாகப் பெறுவார்கள். சின்ன விதிதான். ஆனால் அதைப் படித்த பிறகு எங்கள் மேசையில் சமையல்காரப் போர்வீரனை எவரும் வேடிக்கைப் பொருளாகப் பார்த்ததில்லை. ஓய்வு என்றதும் எல்லோர் கண்ணும் அவன் பக்கம்தான் திரும்பும். இப்படி ஆட்டத்துக்குள் இறங்கி வேலை செய்யும் பத்து விதிகள் இருந்தால் போதும், அந்த நூல் தன் விலையைத் திருப்பித் தந்துவிடும்.

இதற்கு மாறாக 2022இல் வந்த ஸ்பெல்ஜாமரைச் சொல்வேன். விண்வெளியில் மிதக்கும் கப்பல்கள் என்ற கற்பனை என்னைக் கட்டிப்போட்ட ஒன்று. 64 பக்க நூல்கள் மூன்றை ஒரே உறையில் போட்டு, அமெரிக்காவில் சுமார் 70 டாலர் விலை வைத்தார்கள். கப்பல்களின் தள வரைபடங்கள் கண்ணைப் பறிக்கும். ஆனால் இரண்டு கப்பல்கள் எதிரெதிரே வரும்போது என் ஆட்டக்காரர்கள் ஐந்து பேரும் ஆளுக்கு என்ன செய்வார்கள்? இதற்கு அந்த நூல்களில் கிடைக்கும் வழிகாட்டுதல் மிகச் சுருக்கம். அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே, 2019இல் வந்த கோஸ்ட்ஸ் ஆஃப் சால்ட்மார்ஷின் பின்னிணைப்பில் கடற்கப்பலின் அடிக்கட்டுக்கு, சுக்கானுக்கு, பாய்க்குத் தனித்தனி உயிர்ப்புள்ளிகள் உண்டு. கப்பல் அதிகாரிகளுக்கென்று தனிச் செயல்களும் உண்டு. கப்பலையே மையமாகக் கொண்ட ஸ்பெல்ஜாமரில் கப்பற்போரை இப்படிச் சுருக்கியது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

ஆகவே, கடையில் புரட்டினாலும் இணையத்தில் மாதிரிப் பக்கங்களைப் பார்த்தாலும் முன்னுரையையும் உலக வரலாற்றையும் தாண்டிப் போய்விடுங்கள். நடுவில் ஏதாவது ஓர் அட்டவணையைப் பிடியுங்கள். மூன்று முறை பகடையை உருட்டி, வருவதை அப்படியே மேசையில் வைக்க முடியுமா என்று பாருங்கள். 'காட்டில் நான்கு ஓநாய்கள்' என்று வந்தால் அதற்குக் காசு வேண்டாம், அடிப்படை நூலே போதும். 'ஒரு வியாபாரியை மரத்தில் ஏற்றிவிட்டு ஓநாய்கள் கீழே காத்திருக்கின்றன' என்று வந்தால் அங்கே ஒரு காட்சி பிறந்துவிட்டது: காப்பாற்றலாமா, பேரம் பேசலாமா, சுற்றிப் போகலாமா என்று ஆட்டக்காரர்கள் உடனே வாதாடத் தொடங்குவார்கள். எழுதியவர் ஆட்டத்தை நடத்திப் பார்த்து எழுதினாரா, பக்கம் நிரப்பினாரா என்பது இந்த ஒரு சோதனையில் பெரும்பாலும் தெரிந்துவிடும். விமர்சனம் படிக்கும்போதும் இதே கண்ணோடு படியுங்கள். நூலை வாசித்தவரைவிட, அதை வைத்து ஆட்டம் நடத்தியவரின் சொல்லுக்கு மதிப்பு அதிகம்.

மறுபதிப்பு விஷயத்திலும் கவனம் வேண்டும், ஒரே சரக்குக்கு இரண்டு முறை காசு கொடுக்க நேரலாம். மாயக்கருவிகள் செய்யும் ஆர்டிஃபிஸர் என்ற வகுப்பு 2019இல் எபரான் என்ற கற்பனை உலகத்துக்கான நூலில் வந்தது. அடுத்த ஆண்டே டாஷாஸ் கால்ட்ரன் ஆஃப் எவ்ரிதிங்கில் மீண்டும் வந்துவிட்டது. வோலோ, மோர்டென்கைனன் என்ற கதாபாத்திரங்களின் பெயரில் முன்பு வந்த இரண்டு நூல்களில் இருந்த அரக்கர்களைத் திருத்தி 2022இல் ஒரே தொகுதியாகக் கொடுத்தார்கள். 2024இல் அடிப்படை விதிகளே திருத்தப்பட்டுவிட்டதால், நீங்கள் வாங்கும் நூல் எந்த விதிகளுக்கு எழுதப்பட்டது என்று பின்னட்டையில் பார்த்துவிடுங்கள். புதிய வகுப்புகளின் வரைவுகளை அன்எர்த்ட் ஆர்கானா என்ற பெயரில் பதிப்பகமே இலவசமாக வெளியிடுகிறது. அச்சுக்கு வரும் வடிவம் மாறக்கூடும் என்றாலும் சுவை பார்க்க அது போதும்.

உபவகுப்புகளுக்காக மட்டும் ஒரு நூலை வாங்கச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. நான்கு பேர் ஆடும் மேசையில் ஒரு நெடுங்கதை ஓராண்டு ஓடினால், முப்பது உபவகுப்புகளில் எத்தனை வெளிச்சத்துக்கு வரும்? யாராவது புதிய கதாபாத்திரம் உருவாக்கப் போகிறார் என்றால் அவரையே வாங்கச் சொல்லுங்கள். நடத்துபவர் தன் பணத்தைத் தனக்கு உதவும் பக்கங்களுக்கே செலவிட வேண்டும்.

உங்களிடம் இருப்பது 2014 அடிப்படை நூல்கள் என்றால் ஸனாதரில் தொடங்குங்கள். 2024 நூல்கள் என்றால் இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம். சில வாரம் ஆடிப் பாருங்கள். மேசையில் விதி தெரியாமல் நீங்கள் தடுமாறும் இடங்களை ஒரு தாளில் எழுதி வாருங்கள். கடைக்குப் போகும்போது அந்தத் தாளை எடுத்துப் போங்கள்.