பி.டி.ஓ.வைப் பார்த்து டிராக்டர் வாங்குங்கள்

கேள்வி: 45 எச்.பி. டிராக்டர் ஒன்றைப் பேசி முடிக்கும் நிலையில் இருக்கிறேன். நான் வாங்க நினைக்கும், மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டருக்கு 40 எச்.பி. வேண்டும் என்று போட்டிருக்கிறது. 5 எச்.பி. மிச்சம் இருக்கிறதே, தாராளமாகப் போதும்தானே?

பதில்: போதாமலும் போகலாம். 45 என்பது இன்ஜினின் சக்தி. ரோட்டவேட்டருக்குக் கிடைப்பது, கருவியைச் சுழற்றுவதற்காக டிராக்டரின் பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் பி.டி.ஓ. (பவர் டேக் ஆஃப்) தண்டில் வரும் சக்தி. நடுவில் கியர்களும் ஹைட்ராலிக் பம்பும் தங்கள் பங்கை எடுத்துக்கொள்ளும். பொதுவாக இன்ஜின் சக்தியில் 85 முதல் 90 சதவீதம்தான் பி.டி.ஓ.வுக்கு வந்து சேரும். உங்கள் 45 எச்.பி.க்கு அது 38லிருந்து 40 எச்.பி. வரை. அதிலும் வண்டி தானே நகரவும் மேடு ஏறவும் அதே இன்ஜினைத்தான் நம்பியிருக்கிறது.

ஆகவே முதலில் ரோட்டவேட்டர் தயாரிப்பாளரிடம் ஒன்றைக் கேளுங்கள்: அந்த 40 டிராக்டர் எச்.பி.யா, பி.டி.ஓ. எச்.பி.யா? டிராக்டர் எச்.பி. என்றால் கவலையில்லை. பி.டி.ஓ. எச்.பி. என்றால் உங்கள் வண்டி விளிம்பில் நிற்கிறது. ஈரமான களிமண்ணில் திணறும். அப்புறம் டிராக்டர் விற்பவரிடம், பி.டி.ஓ. 540 ஆர்.பி.எம்.மில் (நிமிடத்துக்கு 540 சுற்று) சுற்றும்போது எத்தனை எச்.பி. என்று எழுத்தில் கேளுங்கள். சில வண்டிகளில் 540 வருவதற்கான இன்ஜின் வேகம், முழு சக்தி கிடைக்கும் வேகத்தைவிடக் குறைவு. அந்த வண்டிகளில் விளம்பரத் தாளில் இருக்கும் பெரிய எண் 540ல் கிடைக்காது. அதிகாரபூர்வ சோதனை அறிக்கை இருந்தால் அதைப் பாருங்கள். அமெரிக்காவின் நெப்ராஸ்கா பல்கலைக்கழகம் 1920 முதல் டிராக்டர்களைச் சோதித்து முடிவுகளை வெளியிட்டு வருகிறது. வேறு நாடுகளிலும் இப்படிப்பட்ட சோதனை நிலையங்கள் உண்டு. வாங்குகிறவருக்கு அந்த அறிக்கையைவிட நல்ல துணை இல்லை.

கேள்வி: ஒற்றை கிளட்ச், இரட்டை கிளட்ச், தனி பி.டி.ஓ. என்று மூன்று விதம் காட்டுகிறார்கள். கூடுதல் விலை கொடுப்பதில் அர்த்தம் உண்டா?

பதில்: என்ன வேலை என்பதைப் பொறுத்தது. ஒற்றை கிளட்ச் வண்டியில் மிதியை அழுத்தினால் வண்டி நிற்கும், பி.டி.ஓ.வும் நிற்கும். வைக்கோல் கட்டும் பேலரை நினைத்துப் பாருங்கள். வைக்கோல் திடீரென்று குவிந்து வரும் இடத்தில் வண்டியை நிறுத்தி, இயந்திரம் உள்ளே போனதை விழுங்கி முடிக்க விட வேண்டும். ஒற்றை கிளட்சில் அது முடியாது. இயந்திரமும் நின்று அடைத்துக்கொள்ளும். இரட்டை கிளட்சில் பாதி அழுத்தினால் வண்டி மட்டும் நிற்கும், முழுதும் அழுத்தினால் பி.டி.ஓ.வும் நிற்கும். தனி பி.டி.ஓ.வில் அதற்கென்றே ஒரு லிவரோ சுவிட்சோ இருக்கும். கால் மிதிக்கும் அதற்கும் தொடர்பில்லை. பேலர், ரோட்டவேட்டர், புல்வெட்டி என்று பி.டி.ஓ. வேலையே அதிகம் என்றால் தனி பி.டி.ஓ.வுக்குக் கொடுக்கும் காசு வீணாகாது. வருடத்தில் சில நாள் தண்ணீர் பம்பு ஓட்ட மட்டும்தான் என்றால் ஒற்றை கிளட்சே போதும்.

ஒற்றை கிளட்ச் வண்டியில் சுழலும் புல்வெட்டி மாட்டுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கிளட்சை மிதித்த பிறகும் கனமான வெட்டுத்தகடுகள் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்த வேகம் தண்டு வழியாகக் கியர்பாக்சுக்குத் திரும்பி வந்து வண்டியை முன்னால் தள்ளும். பிரேக் பிடிக்காதது போலவே தோன்றும். வரப்பு ஓரத்தில் இது ஆபத்து. ஒரு திசையில் மட்டும் பிடித்து, மறு திசையில் வழுக்கிவிடும் ஓவர்ரன் கிளட்ச் என்ற சிறு பாகத்தைத் தண்டில் சேர்த்தால் இந்தத் தொல்லை இருக்காது. புல்வெட்டியோடு சேர்த்தே கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: 540இ என்ற எக்கனாமி பி.டி.ஓ. உண்மையிலேயே டீசல் மிச்சம் பண்ணுமா?

பதில்: லேசான வேலைக்குப் பண்ணும். தண்டு அதே 540ல் சுற்றும், இன்ஜின் மட்டும் குறைந்த வேகத்தில் ஓடும். மருந்து தெளிப்பான், உரம் தூவி, சிறிய பம்பு போன்றவற்றுக்கு இதுவே சரி. ஆழ உழும் ரோட்டவேட்டருக்கு இதைப் போட்டால் இன்ஜின் இழுக்க முடியாமல் அமுங்கும், டீசலும் மிஞ்சாது. இந்த வசதி இல்லாத வண்டியில் ஆக்சிலேட்டரைக் குறைத்து அதே மிச்சத்தைப் பிடிக்கலாம் என்று சிலர் பார்க்கிறார்கள். அப்படிச் செய்தால் பி.டி.ஓ. வேகமும் சேர்ந்து இறங்கிவிடும். தெளிப்பு சீராக வராது, மண் கட்டியாக நிற்கும். மீட்டரில் 540க்கென்று ஒரு குறி இருக்கும். முள்ளை அங்கே வையுங்கள். பாரம் தாங்காமல் முள் இறங்கினால் ஒரு கியர் குறைத்து மெதுவாகப் போங்கள்.

கேள்வி: பழைய ரோட்டவேட்டர் ஒன்று நல்ல விலைக்கு வருகிறது. பி.டி.ஓ.வோடு அதை இணைக்கும் தண்டின் மேல் இருக்க வேண்டிய பிளாஸ்டிக் உறை உடைந்து பாதிதான் இருக்கிறது. "ஓட்டத்துக்கு ஒன்றும் ஆகாது" என்கிறார் விற்பவர். வாங்கலாமா?

பதில்: ஓட்டத்துக்கு ஒன்றும் ஆகாது, உண்மைதான். பக்கத்தில் நிற்கிற ஆளுக்குத்தான் ஆகும். 540 ஆர்.பி.எம். என்றால் நொடிக்கு 9 சுற்று. 3 அங்குலக் குறுக்களவுள்ள தண்டில் ஒரு துணி நுனி மாட்டினால் ஒரே நொடியில் சுமார் 7 அடித் துணியைச் சுருட்டிவிடும். கையை உதறி விடுவித்துக்கொள்ள நேரமே கிடையாது. துண்டு, துப்பட்டா, அவிழ்ந்த தலைமுடி, தொங்கும் கயிறு எதுவானாலும் இதே கதிதான். கை போனவர்கள், உயிரே போனவர்கள் உண்டு. அதனால் புது உறையின் விலையை முதலிலேயே கழித்துக்கொண்டு பேரம் பேசுங்கள். உறை மாட்டிய பிறகே முதல் முறை ஓட்டுங்கள்.

உறை முழுசாக இருந்தாலும் சோதித்துப் பாருங்கள். இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்துவிட்டு, உறையைக் கையால் சுற்றுங்கள். உள்ளே தண்டு அசையாமல் உறை மட்டும் லேசாகச் சுற்ற வேண்டும். இறுகிக் கிடந்தால் அது தண்டோடு சேர்ந்து சுற்றும். அப்படிப்பட்ட உறை இருந்தும் பயனில்லை. ஓடும்போது உறை சுற்றாமல் பிடித்து வைக்கும் சிறு சங்கிலிகளும் இருக்க வேண்டும். டிராக்டர் பக்கம் பி.டி.ஓ. முனையை மூடும் தகடு, கருவிப் பக்கம் உள்ள மூடி இரண்டையும் பாருங்கள். பழைய வண்டிகளில் முதலில் காணாமல் போவது இவைதான்.

பிறகு நீளம். தண்டு ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரண்டு குழாய்கள். வேறொரு டிராக்டருக்காக வெட்டிய தண்டு உங்கள் வண்டிக்குப் பொருந்த வேண்டும் என்பதில்லை. நீளம் கூடினால் கருவியைத் தூக்கும்போது குழாய்கள் முட்டி பேரிங்கை உடைக்கும்; குறைந்தால் கழன்று விழும். மாட்டிவிட்டு, இன்ஜின் அணைந்த நிலையில் லிஃப்டை மேலும் கீழும் ஏற்றி இறக்கிப் பாருங்கள். எந்த நிலையிலும் உள்குழாய் மூன்றில் ஒரு பங்காவது உள்ளே இருக்க வேண்டும், முட்டவும் கூடாது. வரப்பில் திரும்பும்போது கருவியை உயரமாகத் தூக்க வேண்டியிருந்தால் பி.டி.ஓ.வை நிறுத்திவிடுங்கள். மடங்கிய நிலையில் சுற்றினால், தண்டை மடங்க விடும் கிராஸ் என்ற மூட்டு சீக்கிரம் தேயும். விற்பவர் தரும் தண்டில் கிராஸ் ஆடுகிறதா என்று கையால் ஆட்டியும் பாருங்கள்.

பாரம் மிஞ்சினால் தானே முறிந்து கியர்பாக்சைக் காக்கும் ஷியர் போல்ட் இருக்க வேண்டிய இடத்தில் கம்பியோ கடினமான போல்ட்டோ சொருகியிருந்தால், கல்லில் மோதிய அடி முழுதும் கியர்பாக்சுக்குப் போயிருக்கும். அந்த ரோட்டவேட்டரை வாங்காதீர்கள்.

கேள்வி: 1000 ஆர்.பி.எம். மட்டும் உள்ள டிராக்டரில் 540 கருவியை அடாப்டர் போட்டு ஓட்டலாமா?

பதில்: கூடாது. 540 தண்டில் 6 பல், அதே பருமனுள்ள 1000 தண்டில் 21 பல் என்று வேறு வேறாக வைத்திருப்பதே இரண்டும் மாறி மாட்டிவிடக் கூடாது என்பதற்காகத்தான். அடாப்டர் அந்தத் தடையை நீக்கிவிடுகிறது. வேகம் ஏறக்குறைய இரண்டு மடங்கானால் கத்திகளைப் பிய்த்தெறியப் பார்க்கும் விசை மூன்று மடங்குக்கும் மேலே போகும். இரண்டு வேகமும் தரும் டிராக்டரைப் பாருங்கள், இல்லையென்றால் 1000க்கென்றே செய்த கருவியை வாங்குங்கள்.