விடுமுறை முடிந்து கடற்பாலத்தில் நீளும் காத்திருப்பு: கேள்வி பதில்

தீபாவளி, சீனப் புத்தாண்டு, பள்ளி விடுமுறை ஆகியவை முடிந்து மலேசியாவின் ஜோகூர் பாருவையும் சிங்கப்பூரின் உட்லண்ட்ஸையும் இணைக்கும் கடற்பாலம் வழியாகச் சிங்கப்பூர் திரும்புவோர் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியுள்ளேன். சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூர், ஈப்போ, பினாங்கு ஆகிய ஊர்களுக்குக் குடும்பங்களைப் பேருந்தில் அழைத்துச் சென்று வருவது நெடுங்காலமாக என் தொழில்.

ஐயா, கடற்பாலத்தின் நீளம் ஒரு கிலோமீட்டர்தான். அதைக் கடக்க மூன்று மணி நேரம் ஆவது எப்படி?

1924இல் திறக்கப்பட்ட அந்தப் பாலத்தின் நீளம் ஒரு கிலோமீட்டரைச் சற்றே தாண்டும் என்பது உண்மைதான். ஆனால் தாமதம் பாலத்தில் பிறப்பதில்லை. ஒவ்வொரு காரிலும் இருப்பவர்களின் அடையாளத்தைச் சரிபார்த்து, தேவைப்பட்டால் பின்பெட்டியையும் திறந்து பார்த்த பிறகே உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி அடுத்த காரை உள்ளே விடுகிறது. அந்த வேகத்தை மீறி வண்டிகள் வந்து சேரும்போது வரிசை பின்னோக்கி வளர்ந்து, பாலத்தை நிறைத்து, ஜோகூர் பக்கம் மலேசியக் குடிநுழைவுச் சோதனை நடக்கும் சுல்தான் இஸ்கந்தர் கட்டடத்தையும் தாண்டிச் சாலைகளுக்குள் புகுந்துவிடுகிறது. 2024 டிசம்பர் 20ஆம் நாள் ஒன்றில் மட்டும் உட்லண்ட்ஸ், துவாஸ் சோதனைச்சாவடிகளை ஏறத்தாழ 562,000 பேர் கடந்தனர்.

விடுமுறை தொடங்கும்போது மக்கள் வெவ்வேறு நாள்களில் புறப்படுகிறார்கள். முடியும்போது எல்லாரும் ஒரே மாலையில் திரும்புகிறார்கள். இதற்கு மேல் இன்னொரு மாற்றமும் நிகழ்ந்துள்ளது. ஜோகூர் மாநிலத்தில் வெள்ளி, சனி என்றிருந்த வார இறுதி, 2025 ஜனவரி 1 முதல் சனி, ஞாயிறாக மாறியது. இரு பக்கத்தாரின் ஓய்வு நாள்களும் இப்போது ஒன்றாகிவிட்டதால், பழைய அனுபவத்தை வைத்து நேரத்தைக் கணிப்பவர்கள் அந்தக் கணக்கை மறுபடி போட வேண்டும்.

அண்ணன், எந்த நேரத்தில் திரும்பினால் நெரிசல் குறைவாக இருக்கும்? திங்கள் விடியற்காலை சரியாக இருக்குமா?

வேலைநாளின் விடியற்காலையைத் தேர்ந்தெடுக்காதீர்கள் என்று வற்புறுத்திச் சொல்வேன். ஜோகூரிலிருந்து அன்றாடம் சிங்கப்பூருக்கு வேலைக்கு வரும் ஊழியர்கள் விடியும் முன்பே பாலத்தை நிறைத்துவிடுவார்கள். விடுமுறையிலிருந்து திரும்பும் கூட்டம் அதன்மேல் சேரும்போது இருவருக்குமே துன்பம். விடுமுறையின் கடைசி நாள் பிற்பகல் தொடங்கி நள்ளிரவு வரை உள்ள நேரம்தான் மிக மோசமானது. ஆகவே கடைசி நாள் காலையிலேயே, மதிய உணவுக்கு முன்பாகப் பாலத்தைக் கடந்துவிடுங்கள். ஓர் அரைநாளை இழக்கிறோமே என்று தோன்றும்; ஆனால் அந்த அரைநாளைத்தான் வரிசையில் இழக்கப்போகிறீர்கள். கூடுதலாக ஒரு நாள் விடுப்பு எடுக்க முடிந்தவர்கள், வேலைநாளின் முற்பகலில் ஊழியர் கூட்டம் ஓய்ந்த பிறகு வரலாம்.

முக்கியமாக, திரும்பும் நேரத்தை ஊருக்குப் புறப்படும் முன்பே முடிவு செய்து, உறவினர்களிடமும் சொல்லிவிடுங்கள். "சாப்பிட்டுவிட்டுப் போகலாமே" என்று அத்தையோ பெரியம்மாவோ அன்பாகச் சொல்லும்போது மறுக்க இயலாமல் பிந்தியவர்களைத்தான் இரவு வரிசைகளில் அதிகம் காண்கிறேன். புறப்படும் முன் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் இணையத்தளத்தில் சோதனைச்சாவடிக் கேமராப் படங்களைப் பாருங்கள். ஆனால் கோலாலம்பூரில் இருந்துகொண்டு பார்க்கும் படம், நீங்கள் ஜோகூர் பாருவை அடையும்போது இருக்கும் நிலையைக் காட்டாது.

துவாஸ் வழி எப்போதும் நல்லதுதானே?

எப்போதும் அல்ல. 1998இல் திறக்கப்பட்டு, துவாஸ் சோதனைச்சாவடிக்கு வந்து சேரும் இரண்டாம் இணைப்புப் பாலம், வடக்கிலிருந்து நெடுஞ்சாலை வழியே வந்து சிங்கப்பூரின் மேற்குப் பகுதிக்குப் போவோருக்குப் பொருத்தமானது. சுங்கக் கட்டணம் கூடுதல். உட்லண்ட்ஸ் நெரிசல் பற்றிய செய்தி பரவியதும் அனைவரும் துவாஸுக்குத் திரும்பிவிடுவதால், நெடுஞ்சாலையில் வழி பிரியும் இடத்துக்குச் சற்று முன்பாக நிலவரம் பார்த்து முடிவு செய்யுங்கள். முடிவு செய்தபின் வழியை மாற்றாதீர்கள்.

தம்பி, எனக்கு 68 வயது, நீரிழிவு இருக்கிறது, இன்சுலின் போடுகிறேன். சென்ற முறை வரிசையில் மயக்கம் வந்தது. என்ன செய்யலாம்?

அம்மா, உங்கள் கேள்வியைப் படித்ததும் கவலையாக இருந்தது. முதலில் உங்கள் மருத்துவரைப் பார்த்து, உணவு தள்ளிப்போகும் நாளில் ஊசியின் அளவையும் நேரத்தையும் எப்படி வைத்துக்கொள்வது என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இன்சுலினைக் காரின் பின்பெட்டியில் வைக்கக் கூடாது. வெயில் படாமல், குளிர்காக்கும் சிறு பையில் கையோடு இருக்கட்டும். சர்க்கரை குறைந்து வியர்வையும் நடுக்கமும் வந்தால் உடனே பழச்சாறோ சர்க்கரை கரைத்த நீரோ குடிக்க வேண்டும். தீபாவளிப் பலகாரம் கைவசம் இருக்கிறதே என்று லட்டையோ அதிரசத்தையோ நம்பியிருக்காதீர்கள். அவற்றிலுள்ள நெய்யும் எண்ணெயும் சர்க்கரை இரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். அதற்கெனச் சில பழச்சாற்றுப் பொட்டலங்களைத் தனியே வாங்கி வையுங்கள். வரிசையில் நுழைவதற்கு முன்பே முழு உணவு உண்டுவிடுங்கள்.

கழிப்பறைக்கு அஞ்சித் தண்ணீர் குடிக்காமல் வருவதும் மயக்கத்துக்குக் காரணமாகலாம். பாலத்தின்மேல் கழிப்பறை இல்லை என்பது உண்மை. எனவே மாச்சாப் ஓய்விடத்தில் ஒருமுறையும், ஜோகூர் பாரு நகருக்குள் ஓர் எண்ணெய் நிலையத்தில் இன்னொரு முறையும் நிறுத்தச் சொல்லுங்கள். மகன் வண்டி ஓட்டினாலும் எங்கே நிறுத்துவது என்பதை உங்கள் உடல்நிலைதான் தீர்மானிக்க வேண்டும். இதைக் கேட்கத் தயங்காதீர்கள். உட்கார்ந்தபடியே கணுக்காலை அவ்வப்போது மேலும் கீழும் அசைத்தால் கால் வீக்கம் குறையும்.

தமிழ்நாட்டிலிருந்து வந்துள்ள பெற்றோரை மலேசியாவுக்கு அழைத்துச் செல்கிறோம். திரும்பும்போது தாமதமாகாமல் இருக்க எவற்றைச் சரிபார்க்க வேண்டும்?

அவர்களுடைய சிங்கப்பூர் விசா பலமுறை நுழைவதற்கானதா என்பதை எல்லாவற்றுக்கும் முன்பாகப் பாருங்கள். ஒருமுறை நுழைவுக்கானது என்றால், வெளியேறியபின் அதே விசாவில் திரும்ப முடியாது. மலேசியாவுக்குள் செல்லுமுன் மலேசிய மின்னிலக்க வருகை அட்டையையும், சிங்கப்பூர் திரும்புவதற்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் சிங்கப்பூர் வருகை அட்டையையும் நிரப்ப வேண்டும். இரண்டும் இலவசம், கட்டணம் கேட்கும் இணையத்தளங்களை நம்ப வேண்டாம். நில வழியாகத் திரும்பும் சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு இந்த இரண்டும் தேவையில்லை. இந்தியக் கடப்பிதழ் வைத்திருக்கும் நிரந்தரவாசியாக நீங்கள் இருந்தால், நில வழியாகத் திரும்பும்போது சிங்கப்பூர் அட்டை தேவையில்லை. மலேசிய அட்டை தேவை.

2024 மார்ச் 19 முதல் கார் பயணிகள் கடப்பிதழுக்குப் பதிலாகக் கியூஆர் குறியீட்டைக் காட்டலாம். குடிநுழைவு, சோதனைச்சாவடிகள் ஆணையத்தின் செயலியில் பத்துப் பேர் வரை ஒரே குறியீட்டில் சேர்க்க முடியும். வீட்டிலேயே அதைச் செய்துவிடுங்கள். ஆயினும் கடப்பிதழ்கள் கையில் இருக்க வேண்டும்.

வண்டி சிங்கப்பூரில் பதிவானது என்றால் மலேசிய வாகன நுழைவு அனுமதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். அது இல்லாதவர்களுக்கு 2025 ஜூலை முதல் 300 ரிங்கிட் அபராதம் விதிக்கப்படுகிறது. மலேசியச் சுங்கக் கட்டணம் செலுத்தும் டச் அண்ட் கோ அட்டையில் பணம் குறைந்திருந்தால் உங்களோடு சேர்ந்து பின்னால் நிற்பவர்களும் காத்திருக்க நேரிடும். வாங்கிய பொருள்களுக்கு, 48 மணி நேரத்துக்குக் குறைவாக வெளியே இருந்திருந்தால் 100 சிங்கப்பூர் வெள்ளி வரையும், அதற்கு மேல் இருந்திருந்தால் 500 வெள்ளி வரையும்தான் பொருள் சேவை வரி விலக்கு உண்டு.

வரிசை நகராதபோது இறங்கி நடக்கலாமா? சிலர் பக்கத் தடத்தில் முந்திச் சென்று குறுக்கே நுழைவதையும் பார்க்கிறோம்.

குழந்தைகளோடும் முதியவர்களோடும் நடப்பதை நான் ஏற்கமாட்டேன். மோட்டார்சைக்கிள்கள் நெருங்கி ஓடும் இடம் அது. மழை வந்தால் ஒதுங்கவும் இடமில்லை. குறுக்கே நுழைபவர்களைப் பிடித்தால் அதிகாரிகள் வரிசையின் கடைசிக்கே அனுப்புகிறார்கள், அது நியாயமானது. முந்துபவர் மிச்சப்படுத்தும் நிமிடங்கள், பின்னால் பச்சிளங்குழந்தையோடு நிற்கும் ஒரு தாயிடமிருந்து எடுக்கப்பட்டவை.

அண்ணன், நான் ஜோகூரிலுள்ள ஸ்கூடாயிலிருந்து மோட்டார்சைக்கிளில் வேலைக்கு வருபவன். விடுமுறைக்கு மறுநாள் எப்போதும் தாமதமாகிறது.

மேலாளரிடம் முந்தைய வாரமே சொல்லி, அந்த ஒரு நாள் மட்டும் வேலை நேரத்தைத் தள்ளிக் கேளுங்கள். தாமதமான பிறகு சொல்லும் காரணத்தைவிட முன்கூட்டிக் கேட்கும் அனுமதிக்கு மதிப்பு அதிகம். மழையங்கி, முகக்கவசம், குடிநீர் ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள்; புகைக்குள் நெடுநேரம் நிற்பது தலைவலியைத் தரும். இரவு முழுவதும் உறங்காமல் ஊரிலிருந்து நேரே ஓட்டி வராதீர்கள்.

கார் இல்லாதவர்களுக்குப் பேருந்தா, ரயிலா?

விழாக்காலத்தில் எல்லை தாண்டும் பேருந்துகளைப் பயன்படுத்துமாறு குடிநுழைவு, சோதனைச்சாவடிகள் ஆணையமே கேட்டுக்கொள்கிறது. இரு முனைகளிலும் இறங்கி ஏற வேண்டியிருப்பதால் பெட்டிகளைக் குறைத்துக்கொள்ளுங்கள். வந்த பேருந்து போய்விட்டால் அதே நிறுவனத்தின் அடுத்த பேருந்தில் ஏறுவதற்காகப் பயணச்சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள். ஜோகூர் பாரு சென்ட்ரலிலிருந்து உட்லண்ட்ஸுக்கு ஓடும் தெப்ராவ் ரயில் ஐந்து நிமிடங்களில் கொண்டுவந்து சேர்க்கும், கட்டணமும் 5 ரிங்கிட்தான். ஆனால் விடுமுறை நாள்களின் இருக்கைகள் வெகு முன்னதாகவே தீர்ந்துவிடுகின்றன. ஜோகூர் பாருவின் புக்கிட் சாகாரையும் சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் நார்த்தையும் இணைக்கும் ஆர்டிஎஸ் என்ற எல்லை தாண்டும் விரைவு ரயில், ஒரு திசையில் மணிக்கு 10,000 பேரை ஏற்றிச்செல்லும் வகையில் திட்டமிடப்பட்டுள்ளது. புறப்படும் நிலையத்திலேயே இரு நாட்டுக் குடிநுழைவுச் சோதனைகளையும் முடிக்க முடியும் என்பதால், முதியவர்களை அழைத்துவருவோர் அது ஓடத் தொடங்கியதும் முதலில் அதையே நாடலாம். அதுவரை, திரும்பும் நாள் உறுதியானவுடன் தெப்ராவ் இருக்கையை முன்பதிவு செய்யுங்கள். கிடைக்காவிட்டால் கடைசி நாள் காலைப் பேருந்தில் வாருங்கள்.