எண்ணிக்கை மாறிய கப்சூல்கள்

கேள்வி: அப்பாவுக்கு வயது 71. நுரையீரல் புற்றுநோய். கெஃபிற்றினிப் குளிசை ஒன்றரை வருடம் கேட்டது. பிறகு கட்டி திரும்ப வளர்ந்துவிட்டது. இப்போது கிழமைக்கு ஒருமுறை வினோரெல்பின் என்ற கீமோ மருந்துக் கப்சூல். மூன்று கிழமையாக 30 மி.கி. மூன்று தந்தவர்கள், இம்முறை 80 ஒன்றும் 20 இரண்டும் தந்திருக்கிறார்கள். மாறித் தந்துவிட்டார்களா? போன கிழமை விழுங்கி ஒரு மணித்தியாலத்தில் சத்தி எடுத்தார், திருப்பிக் கொடுக்கவில்லை. பிழையா? ஊசி அளவுக்கு இது வேலை செய்யுமா?
– வாசகி, சாவகச்சேரி

பதில்: மாறவில்லை. உடற்பரப்பின் சதுர மீற்றருக்கு முதல் மூன்று கிழமை 60 மி.கி., நான்காவதிலிருந்து 80 என்பதே வழமை. அப்பாவின் உடற்பரப்பு 1.5 சதுர மீற்றர் அளவில் இருக்கும். அதற்கு முதலில் 90 மி.கி., பிறகு 120. நியூற்றோபில் (கிருமிகளை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள்) எண்ணிக்கை ஒருமுறையேனும் 500க்குக் கீழே இறங்கியிருந்தால் கூட்டமாட்டார்கள். 1500க்குக் குறைந்தால் அந்தக் கிழமை மருந்தே தள்ளிப்போகும். ஆகவே இரத்தப் பரிசோதனை முடிவு வராமல் கப்சூலைத் தொடாதீர்கள்.

வாயால் எடுப்பதில் ஏறக்குறைய 40 வீதமே இரத்தத்தில் சேரும். சதுர மீற்றருக்கு ஊசியில் 30 மி.கி. கொடுக்குமிடத்தில் கப்சூலில் 80 கொடுப்பது அதை ஈடுகட்டத்தான். பலம் குறைந்த மருந்தல்ல.

திருப்பிக் கொடுக்காதது மிகச் சரி. எவ்வளவு உள்ளே போனது என்று யாருக்கும் தெரியாது. கிளினிக்கில் மட்டும் சொல்லுங்கள். வெறும் வயிற்றில் விழுங்கினாரா? இரண்டு இடியப்பம் சாப்பிட்ட பிறகு, முன்கூட்டி ஒன்டன்செற்றோன் என்ற சத்தி நிறுத்தும் குளிசை போட்டு, குளிர்ந்த தண்ணீருடன் முழுதாக விழுங்கவேண்டும். சுடச்சுடத் தேத்தண்ணி கூடவே கூடாது: மெல்லிய கோது சூட்டில் கரைந்துவிடும், உள்ளே உள்ள திரவம் வாயைப் புண்ணாக்கும். கடித்துவிட்டால் உடனே தண்ணீரால் கொப்பளித்துத் துப்பவேண்டும். கசிந்த கப்சூலை வெறுங்கையால் தொடாமல், மருந்து தந்த இடத்திலேயே ஒப்படையுங்கள். கர்ப்பிணிகள் கையாளவே வேண்டாம்.

2 முதல் 8 பாகை செல்சியஸில், அதன் பெட்டியோடே குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் எடுத்து பஸ்ஸில் கொண்டுவருவதென்றால் ஐஸ் வைத்த பை தேவை. ஐஸ் நேரே படாமல் துணி சுற்றுங்கள்.

மலச்சிக்கல் வரும், ஒன்டன்செற்றோனும் அதையே கூட்டும். வயிறு ஊதி, காற்றும் பிரியாமல் சத்தியும் எடுத்தால் வீட்டில் வைத்துப் பார்க்காதீர்கள். காய்ச்சல் 38 பாகையைத் தொட்டால் இரவென்றாலும் ஆஸ்பத்திரிக்குத்தான். பனடோலைக் கொடுத்துக் காய்ச்சலை மறைத்துவிட்டுக் காத்திருப்பதுதான் ஆபத்து.

கெஃபிற்றினிப் கேளாமற் போனவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு ரி790எம் என்ற மரபணு மாற்றம் இருக்கும். அப்பாவுக்கு அதைப் பார்த்தாயிற்றா என்று புற்றுநோய் வைத்தியரிடம் கேளுங்கள். இருந்தால் நாளுக்கு 80 மி.கி. ஒசிமெர்ற்றினிப் என்ற வேறு குளிசை இருக்கிறது.