எட்டரை மணிக்குக் கடிக்கிற பையன்

வணக்கம் அக்கா,

மும்பைக்குப் பக்கத்தில் டோம்பிவிலியில் இருந்து எழுதுகிறேன். மும்பை ஃபோர்ட் பகுதியில் வேலை. காலை ஏழரைக்குக் கிளம்பினால் வீடு திரும்ப எட்டரை ஆகிவிடும். பையனுக்கு நாலு வயது, ஜூனியர் கேஜி. பள்ளி விட்டதும் கீழ்வீட்டு ஆன்ட்டியிடம் பேபிசிட்டிங். அங்கே சமர்த்தாக இருக்கிறானாம். என்னைக் கண்டதும்தான் செருப்பை எறிகிறான், கடிக்கிறான், தரையில் புரள்கிறான். பள்ளியிலும் இரண்டு முறை பக்கத்துப் பையனைக் கடித்ததாக டைரியில் எழுதி அனுப்பினார்கள். அடித்தும் பார்த்துவிட்டேன், அவன் தூங்கின பிறகு நான்தான் அழுகிறேன். "நீ கொடுக்கிற செல்லம்" என்கிறார் மாமியார். ஏழு மணிக்கே வீட்டுக்கு வந்துவிடுகிற கணவர், "என்கிட்ட ஒழுங்காத்தானே இருக்கான்" என்கிறார். தாய்க்கும் பிள்ளைக்கும் மனநெருக்கம் கூடினால் இந்த மாதிரி நடத்தை குறையும் என்று எங்கேயோ படித்தேன். எனக்குக் கோபம்தான் வந்தது. மறுபடியும் பழி அம்மா தலையில்தானா? இருக்கிற ஒன்றரை மணி நேரத்தில் எதைக் கூட்டுவது?

(பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கோபம் நியாயமானது. அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் பையன்.

நாள் முழுக்க ஆன்ட்டி வீட்டில் சமர்த்தாக இருப்பது ஒரு நாலு வயதுப் பிள்ளைக்குச் சின்ன வேலை இல்லை. பசி, தூக்கம், பள்ளியில் பட்ட அவமானம், அம்மா இன்னும் வரவில்லையே என்கிற ஏக்கம் எல்லாவற்றையும் அடக்கிவைத்திருக்கிறான். எங்கே கொட்டினாலும் விட்டுப் போகாத ஆள் யார் என்று அவனுக்குத் தெரியும். அந்த ஆள் எட்டரைக்குத்தான் வருகிறாள். "என்கிட்ட ஒழுங்காத்தானே இருக்கான்" என்பதை வைத்து உங்களுக்கு மதிப்பெண் போட முடியாது.

மேரி ஐன்ஸ்வர்த் என்ற உளவியலாளர், ஒரு வயதை ஒட்டிய குழந்தைகளை வைத்து ஒரு சோதனை செய்தார். பொம்மைகள் இருக்கிற அறை, அம்மா கொஞ்ச நேரம் வெளியே போய்த் திரும்பி வருவார். அம்மா போகும்போது குழந்தை அழுததா என்பதைவிட, திரும்பி வந்ததும் என்ன செய்தது என்பதைத்தான் அவர் உன்னிப்பாகக் கவனித்தார். சில குழந்தைகள் ஓடிவந்து ஒட்டிக்கொண்டு அடங்கின. சில, அம்மாவைப் பார்க்காத மாதிரி விளையாடிக்கொண்டிருந்தன. சில, தூக்கு என்று கை நீட்டிவிட்டு, தூக்கினதும் உதைத்தன. உங்கள் பையனை இதில் ஏதோ ஒரு வகையில் சேர்த்து முத்திரை குத்தப் போவதில்லை; அவன் வயது வேறு. நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது ஒன்றுதான்: திரும்பி வருகிற நேரம் கனமானது. உங்கள் வீட்டில் அந்த நேரத்தில் என்ன நடக்கிறது? நான் ஊகிக்கிறேன். பையைப் போட்டுவிட்டு, கை கால் கழுவி, நேராக அடுக்களை. அவன் துப்பட்டாவைப் பிடித்து இழுக்கிறான். "இருடா, ஒரு நிமிஷம்." குக்கர் மூன்று விசில் அடிக்கிறவரை அந்த ஒரு நிமிஷம் முடிவதில்லை. கடிப்பது அதற்கு நடுவில்தான் எங்கேயோ வந்திருக்கும்.

நீங்கள் படித்தது அனேகமாக அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மார்த்தா வெல்ச் குழுவினரின் வேலையாக இருக்கும். குறைப்பிரசவக் குழந்தைகளையும் அவர்களுடைய அம்மாக்களையும் வைத்துத் தொடங்கி, பிறகு பள்ளி முன்பருவப் பிள்ளைகளுக்கும் கொண்டுபோனார்கள். பிள்ளையை மடியில் உட்காரவைத்து, முகத்துக்கு நேரே முகம் வைத்து, அம்மா தன் மனசில் இருப்பதைத் தன் மொழியில் சொல்ல வேண்டும். இருவரும் தளர்ந்து அமைதியாகிறவரை அப்படியே இருக்க வேண்டும். இதில் அமைதியாக வேண்டியது பிள்ளை மட்டும் இல்லை என்பதுதான் எனக்குப் பிடித்தது. லோக்கல் ரயிலில் மூன்று பேர் சீட்டில் நாலாவது ஆளாகப் பாதி உடம்பு வெளியே தொங்க உட்கார்ந்து வந்த அம்மாவுக்கும் அந்த மடி நேரம் வேண்டியிருக்கிறது.

ஆகவே, கதவைத் திறந்ததும் பையை வைத்துவிட்டுத் தரையில் உட்காருங்கள். போன் பைக்குள்ளேயே இருக்கட்டும். மடிக்கு வரச் சொல்லுங்கள். முதலில் தள்ளிவிடுவான், பக்கத்திலேயே இருங்கள், இறுக்கிப் பிடிக்க வேண்டாம். "சாப்பிட்டியா, மிஸ் என்ன சொன்னாங்க, யாரைக் கடிச்சே" எதுவும் கேட்காதீர்கள். நீங்கள் சொல்லுங்கள். "தாதர்ல பயங்கரக் கூட்டம்டா, மூச்சு முட்டிச்சு, உன் ஞாபகமாவே இருந்துது." அவன் கோபத்தையும் நீங்களே சொல்லலாம்: "அம்மா இவ்வளவு லேட்டா வந்துட்டான்னு கோபம், இல்ல?" கடிக்க வந்தால் தோளைப் பிடித்துத் தடுத்து, "கடிக்க விடமாட்டேன்" என்று ஒரு தடவை சொன்னால் போதும். பிரசங்கம் வேண்டாம். பதினைந்து நிமிஷம். முதல் வாரம் இன்னும் மோசமாக இருந்தாலும் விட்டுவிடாதீர்கள்.

செல்லமா கண்டிப்பா என்கிற மாமியாரின் கேள்விக்கு ஷீலா ஐபர்க் என்ற உளவியலாளரிடம் பதில் இருக்கிறது. 1970களில் அவர் உருவாக்கிய பெற்றோர்-குழந்தை சிகிச்சையில் இரண்டும் உண்டு, ஆனால் வரிசை முக்கியம். முதல் கட்டத்தில் தினமும் ஐந்து நிமிஷம் பிள்ளை இழுக்கிற பக்கம் விளையாட்டு போக வேண்டும். கட்டளை, கேள்வி, குறை மூன்றும் கூடாது. அவன் கட்டையை அடுக்கினால் "நீலத்து மேல சிவப்பு வைக்கிறே" என்று சொல்லிக்கொண்டே கூட இருக்க வேண்டும். இது கேட்க சுலபம். நம் வீடுகளில் கேள்வி கேட்காமல் ஒரு பிள்ளையிடம் ஐந்து நிமிஷம் பேசிப் பாருங்கள், தெரியும். இது கைவந்த பிறகுதான் சொன்ன பேச்சைக் கேட்கவைக்கிற கட்டம். நெருக்கம் இல்லாத இடத்தில் போடுகிற கட்டளை சண்டையாகத்தான் முடிகிறது.

அடித்ததைப் பற்றி: அடி உதவாது என்பது உங்களுக்கே தெரிந்துவிட்டது. ராத்திரி தனியாக அழுவதற்குப் பதில் காலையில் அவனிடமே சொல்லுங்கள், "நேத்து அடிச்சிட்டேன், அது தப்பு" என்று. எட்வர்ட் ட்ரோனிக் என்ற உளவியலாளர், அம்மாக்களைச் சும்மா முகத்தை அசையாமல் வைத்துக்கொள்ளச் சொல்லி, கைக்குழந்தைகள் என்ன செய்கின்றன என்று ஆராய்ந்தவர். நன்றாக ஒட்டுதலாக இருக்கிற தாயும் சேயும்கூட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நேரம்தான் ஒத்திசைவாக இருக்கிறார்கள் என்று கண்டார். மிச்ச நேரமெல்லாம் தவறுவதும் சேர்வதும்தான்.

நாலு வயதில் கடிப்பது தொடர்ந்தால் காது கேட்பதையும் பேச்சையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. பரேல் வாடியா குழந்தைகள் மருத்துவமனையில் காட்டலாம். உங்கள் அழுகை தினப்படி ஆகிவிட்டால் 14416க்கு அழையுங்கள், அரசின் இலவச மனநல எண். தமிழிலும் பேசுவார்கள்.

சரி, பழிக்கு வருவோம். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று 2017இல் சட்டத்தைத் திருத்தினார்கள். டோம்பிவிலி கூட்டத்தில் நாலு வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஃபோர்ட் வரைக்கும் யார் வருவார்கள் என்று யோசித்த மாதிரி தெரியவில்லை. இந்த ஆராய்ச்சிகள் அம்மாவிடம்தான் கோளாறு என்று சொல்லவில்லை. அம்மாவிடம் வழி இருக்கிறது என்கின்றன. ஆனால் அந்தப் பதினைந்து நிமிஷத்தை உங்களுக்கு ஒழித்துத் தர வேண்டியது வீடு. இந்தப் பதிலைக் கணவரிடம் காட்டுங்கள். ஏழு மணிக்கு வந்துவிடுகிறவருக்கு எட்டரைக்குள் ஒரு குக்கர் வைக்கத் தாராளமாக நேரம் இருக்கிறது.