ஓய்வுக்குப் பின் டிரெய்லர் பயணம்

கேள்வி: அமெரிக்கக் குடியுரிமை பெற்று டெக்சஸில் வாழும் நான், பணி ஓய்வுக்குப் பின், வண்டிக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் நடமாடும் வீடான டிரெய்லர் ஒன்றை வாங்கி, மனைவியுடன் ஊர் ஊராகச் சென்று வருகிறேன். இடங்கள் அழகாக இருந்தும், எதற்காகச் சுற்றுகிறோம் என்ற வெறுமை எழுகிறது. என்ன செய்வது?
– வாசகர் ஒருவர், ஆஸ்டின்

பதில்: பல்லாண்டுகள் பிறருக்குப் பயன்பட்ட மனம், வெறும் பார்வையாளராக நெடுநாள் அமைதி கொள்ளாது, ஆகவே, இந்த வெறுமை இயல்பானதே. அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் 1970ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே உருவான தன்னார்வலர் திட்டம் உங்களுக்கு ஏற்றது. அதில் 'கேம்ப் ஹோஸ்ட்' என்னும் பொறுப்பை ஏற்போர், முகாமுக்கு வருவோரை வரவேற்று, வழி சொல்லி, இடத்தைத் தூய்மையாகப் பேணி, சிக்கல் எழுந்தால் பூங்கா அலுவலரான ரேஞ்சருக்குத் தெரிவிக்க வேண்டும். கைம்மாறாக, டிரெய்லரை நிறுத்த இலவச இடம் கிடைக்கும். ஒரே காட்டில் சில வாரங்களேனும் தங்கினால்தான் அதன் பறவைகளும் பருவமும் மனிதர்களும் பழக்கமாவார்கள் என்பதால், வேகமாக ஊர் மாறுவதைவிட இதையே உயர்ந்ததாகக் கருதுகிறேன்.

கோடைக்கால இடங்களுக்குப் பல மாதங்கள் முன்னரே விண்ணப்பியுங்கள். டிரெய்லரின் நீளத்துக்கு இடம் பொருந்துமா, மின்சாரமும் தண்ணீரும் உண்டா, வாரத்துக்கு எத்தனை மணி நேர வேலை என்பவற்றை எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். 62 வயது நிறைந்திருந்தால், 80 டாலருக்கு வாழ்நாள் மூத்தோர் நுழைவுச்சீட்டும் வாங்கலாம். முக்கியமாக, உங்கள் மனைவிக்கு எந்தப் பணி பிடிக்கும் என்பதை முதலில் கேளுங்கள். இருவருக்கும் ஒரே பொறுப்பு இருக்க வேண்டும் என்பதில்லை.