கேளுங்கள், சொல்கிறேன்: கூட்டமும் மரபணுவும்

ஐயா, என் மகன் எச்சிலைக் குப்பியில் அடைத்து அனுப்பி மரபணுச் சோதனை செய்துகொண்டான். எங்கள் கூட்டம் (குலப்பிரிவு) எது என்று அதில் தெரியுமா?
– ஒரு வாசகர், காங்கேயம்

தெரியாது. அதைக் குலதெய்வக் கோயிலில் விசாரித்தால் போதும், எச்சில் வேண்டாம். ஆனால் கூட்டம் இறங்கும் வழியும், ஆண்களிடம் மட்டுமே இருக்கும் மரபணுத் தொகுப்பான ஒய் குரோமோசோம் இறங்கும் வழியும் ஒன்றுதான்: அப்பாரு, அப்பா, மகன். ஒரு கூட்டத்தார் மெய்யாகவே ஒரே மூதாதையின் வழிவந்தவர்கள் என்றால், நடுவில் தத்தும் வெளியார் புகுதலும் இல்லையென்றால், அவர்களுடைய ஒய்கள் ஒத்துப்போக வேண்டும்.

அதை வைத்துப் பூர்வீகம் முழுவதும் பிடிபட்டதாக எண்ணிவிடாதீர்கள். பத்துத் தலைமுறைக்கு மேலே உங்களுக்கு 1,024 முன்னோர் இடங்கள். ஒய் அதில் ஒரே ஒருவரிடமிருந்து வந்தது. (மாமன் மகளையும் அத்தை மகளையும் கட்டிய குடும்பங்களில் ஒரே ஆள் இரண்டு மூன்று இடங்களில் உட்கார்ந்திருப்பார், அது வேறு கணக்கு.) அம்மாயியின் (தாய்வழிப் பாட்டியின்) அம்மா எந்த ஊர்ப் பெண் என்று வீட்டில் கேட்டுப்பாருங்கள், பெரும்பாலும் பதில் வராது. கூட்டம் அவரை மறந்துவிட்டது. உங்கள் உயிரணுவுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணுறுப்பு மறக்கவில்லை. அது தாய்வழியில் மட்டுமே வருவது.

நம் சாதியில் ஆதியிலிருந்தே கலப்பில்லை என்கிறார் என் பெரியப்பா. சரியா?
– கல்லூரி மாணவி, கோபி

தவறு. ஹைதராபாத்தின் மரபணு ஆய்வாளர் குமாரசாமி தங்கராஜும் ஹார்வர்டு குழுவினரும் 2013இல் வெளியிட்ட ஆய்வு, தெற்காசியாவின் 73 குழுக்களை எடுத்துக்கொண்டது. ஏறத்தாழ 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன்புவரை இங்கே பெருங்கலப்பு நடந்திருக்கிறது. பிராமணர் முதல் பழங்குடியினர் வரை ஏறக்குறைய யாரும் அதற்கு வெளியே இல்லை. தனக்குள்ளேயே பெண் எடுத்துக் கொடுக்கும் கட்டுப்பாடு இறுகியது அதன் பிறகே. நொய்யல் கரையில் சங்ககால ஊரான கொடுமணலின் மக்கள் கல்மணி அறுத்துக்கொண்டிருந்த காலத்திலும் நாட்டின் சில சமூகங்களில் இந்தக் கலப்பு ஓயவில்லை. பெரியப்பாவிடம் சாப்பாட்டுக்குப் பிறகு சொல்லுங்கள், முன்னால் வேண்டாம்.

நியாண்டர்தால் மனிதனின் அம்சம் நமக்கும் உண்டா?
– ஒரு வாசகர், தாராபுரம்

உண்டு, அழிந்துபோன அந்தப் பழைய மனித இனத்தின் அம்சம் ஏறத்தாழ 2 சதவீதம். 2022இல் நோபல் பெற்ற மரபணு அறிவியலாளர் ஸ்வாந்தே பேபோவின் குழுதான் கண்டுபிடித்தது. கொரோனாவைக் கடுமையாக்கும் ஒரு மரபணுத் துண்டும் நியாண்டர்தால்களிடமிருந்து வந்ததே என்று 2020இல் அவரே காட்டினார். தெற்காசியரில் சுமார் பாதிப்பேரிடம் அது இருக்கிறது. ஆப்பிரிக்காவில் ஏறக்குறைய இல்லை.